அமெரிக்காவுல வாடகை வீடு தேடுறப்போ "உங்களுக்கு இல்ல"ன்னு சொன்னா எங்க போய் சொல்றது? புதுசா வர்றவங்களுக்கு

நியூ ஜெர்சிக்கு வந்த புதுசுல ஒரு அபார்ட்மென்ட்டுக்கு போன் பண்ணேன். ரெண்டு பெட்ரூம் காலியா இருக்கு, சனிக்கிழமை வந்து பாருங்கன்னு சொன்னாங்க, பேரு கேட்டாங்க சொன்னேன், ஸ்பெல்லிங் கேட்டாங்க அதையும் சொன்னேன், கொஞ்ச நேரம் ஹோல்டுல போட்டுட்டு வந்து "சாரி, அது காலைலயே போயிடுச்சு"ன்னுட்டாங்க. கூட வேலை பாத்த ஒரு அமெரிக்க நண்பர் பக்கத்துல தான் உக்காந்திருந்தார், அவர் அரை மணி நேரம் கழிச்சு அதே நம்பருக்கு போன் பண்ணாரு, அதே வீடு, அதே வாடகை, சனிக்கிழமை வாங்கன்னு அவருக்கு சொன்னாங்க. எனக்கு அன்னிக்கு கோவத்தை விட அவமானமா தான் இருந்துச்சு, வீட்டுல கூட சொல்லல, வேற வீடு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இதை விசாரிக்கறதுக்குன்னே மாநில அரசாங்கத்துல ஒரு ஆபீஸ் இருக்கு, காசு வாங்க மாட்டாங்க, ஆனா 180 நாளுக்குள்ள போய் சொல்லணும், இதெல்லாம் எனக்கு தெரிய வந்தப்போ ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. உங்களுக்கு அந்த மாதிரி நாள் கடந்து போயிடக்கூடாதுன்னு தான் இதை எழுதுறேன்.

ஊர்ல வீடு தேடுறப்போ "நீங்க என்ன ஆளுங்க", "நான்வெஜ் சமைப்பீங்களா", "பேச்சிலருக்கு விடறதில்ல", இந்த மூணு கேள்வியையும் கேட்டு கேட்டு நமக்கு பழகிப்போச்சு. அவங்க வீடு, அவங்க இஷ்டம்னு மனசு தானா சமாதானம் ஆகிடும். அதே மனசோட இங்க வந்து இறங்குறோம், அதனால யாராவது கதவை சாத்தினா அது சட்டப்படி தப்புன்னே நமக்கு தோணறதில்ல. இங்க வீட்டை வாடகைக்கு விடறது ஒரு வியாபாரம், வியாபாரத்துக்கு ரூல் இருக்கு, அதுல முதல் ரூலே ஆளைப் பாத்து மறுக்கக்கூடாதுங்கறது தான்.

சட்டம் மூணு அடுக்கு, நீங்க போய் நிக்க வேண்டியது நடு அடுக்குல

மேல் அடுக்கு மத்திய அரசு. 1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கை சுட்டுக் கொன்னாங்க, ஒரு வாரத்துல, ஏப்ரல் 11-ம் தேதி ஃபேர் ஹவுசிங் ஆக்ட்ல ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்து போட்டாரு. இனம், நிறம், மதம், எந்த நாட்டுல இருந்து வந்தவங்கங்கறது, இந்த நாலையும் வச்சு வீடு மறுக்கக்கூடாதுன்னு அப்போ வந்துச்சு. 1974-ல ஆண் பெண் வித்தியாசத்தையும் சேத்தாங்க, 1988-ல மாற்றுத்திறனாளிகளையும் குழந்தை இருக்கற குடும்பங்களையும் சேத்தாங்க. ஆக மொத்தம் ஏழு. இதை பாத்துக்கற டிபார்ட்மென்ட் பேரு ஹட், வீட்டு வசதித் துறை.

நடு அடுக்கு மாநிலம். மத்திய சட்டம் சொல்றது தரை மாதிரி, அதுக்கு கீழ யாரும் போக முடியாது, மேல எத்தனை மாடி வேணும்னாலும் மாநிலம் கட்டிக்கலாம். நியூ ஜெர்சியில லா அகென்ஸ்ட் டிஸ்கிரிமினேஷன்னு ஒரு சட்டம் இருக்கு, 1945-லயே வந்தது, முதல்ல வேலைக்கு மட்டும் தான் இருந்துச்சு, அப்புறம் வீட்டுக்கும் நீட்டினாங்க. மத்திய சட்டத்துல இருக்கற ஏழு போக கல்யாணம் ஆனவங்களா ஆகாதவங்களாங்கறது, வருமானம் எங்கேர்ந்து வருதுங்கறது, நேஷனாலிட்டி, இப்படி நிறைய இதுல உண்டு. பேச்சிலருக்கு விடறதில்லன்னு நியூ ஜெர்சியில ஒரு அபார்ட்மென்ட் ஓனர் சொன்னா அது சட்ட மீறல், இதை படிக்கறப்போ சென்னையில வீடு தேடி அலைஞ்ச ஞாபகம் வந்து எனக்கு தொண்டை அடைச்சுது. அரசாங்கம் குடுக்கற வாடகை வவுச்சர் வச்சிருக்கறவங்களை நியூ ஜெர்சியிலயோ கலிஃபோர்னியாவுலயோ அந்த காரணத்துக்காக மறுக்க முடியாது, டெக்சாஸ்ல முடியும், அதுவும் அங்க எந்த நகராட்சியும் அதுக்கு எதிரா சட்டம் போடக்கூடாதுன்னு 2015-ல மாநிலமே தடுத்துடுச்சு. ஒரே நாடு தான், ஆனா எந்த மாநிலத்துல இருக்கீங்கங்கறதை வச்சு உங்க உரிமை மாறும், அதனால வந்து இறங்கின வாரமே உங்க மாநில ஆபீஸ் பேரை தெரிஞ்சு வச்சுக்கங்க. நியூ ஜெர்சியில டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ். கலிஃபோர்னியாவுல சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட், 2022 வரைக்கும் அதுக்கு வேற நீளமான பேரு. நியூயார்க்ல டிவிஷன் ஆஃப் ஹியூமன் ரைட்ஸ். மாசசூசெட்ஸ்ல எம்கேட்னு சொல்ற கமிஷன். டெக்சாஸ்ல ஒர்க்ஃபோர்ஸ் கமிஷனுக்குள்ளயே ஒரு பிரிவா இருக்கு, பேரைப் பாத்து இது வேலை சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

கீழ் அடுக்கு கவுன்ட்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நகராட்சியும். நியூயார்க் சிட்டிக்கு தனியா ஒரு மனித உரிமை கமிஷன் இருக்கு, அந்த ஊர் சட்டத்துல இமிக்ரேஷன் ஸ்டேட்டஸை வச்சு வீடு மறுக்கக்கூடாதுன்னு பேர் சொல்லியே இருக்கு. சியாட்டில்ல ஒரு ரூல் எனக்கு ரொம்ப பிடிக்கும்: ஓனர் தனக்கு என்னென்ன தகுதி வேணும்னு முன்னாடியே எழுதி வைக்கணும், அந்த தகுதி இருக்கற அப்ளிகேஷன் எது முதல்ல வந்துச்சோ அவங்களுக்கு தான் வீடு. 2017-ல இருந்து அமல்ல இருக்கு, ஓனர்கள் கேஸ் போட்டாங்க, 2019-ல வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ரூல் செல்லும்னு சொல்லிடுச்சு. சியாட்டிலுக்கு போறவங்க அப்ளிகேஷனை எல்லா பேப்பரோடயும் முழுசா அனுப்புங்க, வந்து சேந்த நேரத்தை ஓனர் குறிச்சு வச்சாகணும், பாதி அப்ளிகேஷனுக்கு அந்த வரிசை கிடைக்காது.

இந்த நகராட்சிங்களும் மாநிலங்களும் இவ்வளவு மெனக்கெடறது ஏன்னு கேட்டா, தப்பை செஞ்சதுல அவங்களுக்கும் பங்கு இருக்கு. 1910-ல பால்டிமோர் நகராட்சி எந்த தெருவுல எந்த இனத்துக்காரங்க குடியிருக்கலாம்னே சட்டம் போட்டுச்சு, மத்த ஊருங்களும் அதைப் பாத்து போட்டாங்க, 1917-ல உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. உடனே வீட்டுப் பத்திரத்துலயே இன்னாருக்கு விக்கக்கூடாதுன்னு எழுத ஆரம்பிச்சாங்க, மேற்குக் கடற்கரையில பழைய பத்திரங்கள்ல கருப்பர்களோட சேத்து ஆசியர்களையும் எழுதியிருப்பாங்க, அதுல நாமளும் வர்றோம். அந்த மாதிரி பத்திரத்தை கோர்ட் அமல்படுத்தக்கூடாதுன்னு 1948-ல தான் தீர்ப்பு வந்துச்சு. அப்புறம் 1957-ல நியூயார்க் சிட்டி தனியார் வீடுகள்லயும் பாகுபாடு கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு, நாட்டுலயே முதல் ஊர் அது தான், மத்திய சட்டம் வர்றதுக்கு 11 வருஷம் முன்னாடி. கலிஃபோர்னியா 1963-ல போட்டுச்சு, 1964-ல மக்களே ஓட்டு போட்டு அதை தூக்கினாங்க, 1967-ல உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டெடுப்பே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இப்ப அதே கலிஃபோர்னியாவுல 2018-ல போட்ட ஒரு சட்டப்படி ஒவ்வொரு ஊரும் வீட்டு வசதி திட்டம் போடறப்போ பாகுபாட்டை குறைக்க என்ன பண்ணப் போறோம்னு எழுதிக் காட்டணும். மத்தியில ஆட்சிக்கு ஆட்சி இந்த ரூல் வர்றதும் போறதுமா இருக்கு, 2015-ல வந்துச்சு, 2020-ல போச்சு, 2021-ல திரும்ப வந்துச்சு, 2025-ல மறுபடி எடுத்துட்டாங்க, அதனால தான் நான் புதுசா வர்றவங்க கிட்ட எப்பவும் மாநில ஆபீஸை கெட்டியா பிடிச்சுக்கங்கன்னு சொல்றது.

எது நியாயமான காரணம், எது சாக்கு

இதை முதல்ல பிரிச்சுப் பாக்க கத்துக்கங்க, இல்லன்னா தேவையில்லாம மனசு புண்படும். கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கி ஒழுங்கா கட்டின பதிவு) இல்ல, சம்பளம் வாடகைக்கு மூணு மடங்கு வரல, முன்னாடி இருந்த வீட்டு ஓனர் கிட்டேர்ந்து லெட்டர் இல்ல, இதெல்லாம் சொல்லி மறுக்கலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டா சரி. புதுசா வந்தவங்க கிட்ட இது எதுவுமே இருக்காது, அதனால ஆஃபர் லெட்டர், பே ஸ்டப் (சம்பள ரசீது), பேங்க் ஸ்டேட்மென்ட், ஊர்ல வாடகை கட்டின ரசீது இருந்தா அதுவும், எல்லாத்தையும் ஒரே ஃபைலா வச்சுக்கங்க. கூடுதலா டெபாசிட் கேட்டா மாநில சட்டத்தை பாருங்க, நியூ ஜெர்சியில ஒண்ணரை மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கவே கூடாது, கலிஃபோர்னியாவுல 2024 ஜூலை 1-ல இருந்து பெரும்பாலும் ஒரு மாசம் தான், சின்ன ஓனர்களுக்கு மட்டும் ரெண்டு மாசம் வரைக்கும் விலக்கு இருக்கு. "இந்தியாவுல இருந்து வந்தவங்க கிட்ட மூணு மாசம் வாங்குவோம்"னு சொன்னா அது டெபாசிட் சட்டத்தையும் மீறுது, பாகுபாடு சட்டத்தையும் மீறுது.

நேரா "உனக்கு வீடு கிடையாது"ன்னு இப்பல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க, சிரிச்ச முகமா தான் நடக்கும். "உங்க ஆளுங்க எல்லாம் அந்த பக்கம் தான் இருக்காங்க, உங்களுக்கு அங்க தான் வசதியா இருக்கும்"னு ரியல்ட்டர், அதாவது வீட்டு புரோக்கர், சொல்றது நமக்கு அக்கறையா படும், ஆனா அதுக்கு ஸ்டியரிங்னு பேரு, ஆளைப் பாத்து ஏரியாவை பிரிச்சு அனுப்பறது, அது சட்ட மீறல். நீங்களா "தமிழ் கடை பக்கத்துல இருக்கணும்"னு கேட்டு அவர் காட்டினா அது வேற. குழந்தை இருக்குன்னு சொன்னதும் "மேல் மாடி குடுக்க மாட்டோம், கீழ் மாடி தான்"னு சொல்றது, கர்ப்பமா இருக்கறவங்க கிட்ட லீஸ் (இங்க வாடகை ஒப்பந்தத்துக்கு பேரு அது தான்) புதுப்பிக்கத் தயங்கறது, இதுவும் மீறல் தான். எத்தனை பேர் இருக்கலாம்ங்கறதுக்கு பெட்ரூமுக்கு ரெண்டு பேர்ங்கறது பொதுவா நியாயம்னு ஹட் எடுத்துக்குது, ஆனா ரூம் அளவு, குழந்தையோட வயசு எல்லாம் பாக்கணும்னும் சொல்லுது, ஒரு பெட்ரூம் வீட்டுல புருஷன் பொண்டாட்டி, ஆறு மாசக் கைக்குழந்தை இருக்காங்கன்னு மறுத்தா கேள்வி கேக்கலாம். "உங்க சமையல் வாசனை கார்பெட்ல ஒட்டிக்கும்"னு சொல்லி மறுக்கறதை பலர் கேட்டிருப்பீங்க, வாசனைங்கற சாக்குல எந்த நாட்டுக்காரங்களை ஒதுக்கறாங்கங்கறதை தான் விசாரிக்கறவங்க பாப்பாங்க.

அப்பா அம்மா வந்து கூட இருந்தா இன்னொரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. முட்டி வலியால நடக்கவே கஷ்டப்படறவங்க வீட்டு வாசல் கிட்ட ஒரு பார்க்கிங் ஒதுக்கிக் குடுங்கன்னு கேக்கலாம், பாத்ரூம்ல கைப்பிடி மாட்டிக்கறேன்னு கேக்கலாம், நியாயமானதா இருந்தா ஓனர் மறுக்க முடியாது. கைப்பிடி செலவு தனியார் வீட்டுல பெரும்பாலும் நம்மளோடது, ஆனா மாசசூசெட்ஸ்ல 10 வீடோ அதுக்கு மேலயோ இருக்கற கட்டடமா இருந்தா ஓனர் தான் செலவு பண்ணணும். வாயால கேக்காதீங்க, ஈமெயில்ல கேளுங்க, டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கங்க.

எழுதி வைங்க, அன்னிக்கே எழுதி வைங்க

வீடு தேட ஆரம்பிச்ச முதல் நாளே போன்ல ஒரு நோட் தொடங்கிடுங்க. எந்த தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், யார் பேசினாங்க, என்ன வார்த்தை சொன்னாங்க, வாடகை எவ்வளவு சொன்னாங்க. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, ஏன்னா ரெண்டு நாள்ல அது காணாம போயிடும், அதே வீடு ஒரு வாரம் கழிச்சு மறுபடி விளம்பரத்துல வந்தா அதையும் எடுத்து வைங்க, "போயிடுச்சு"ன்னு சொன்ன வீடு திரும்பி வர்றதை விட பெரிய ஆதாரம் கிடைக்கறது கஷ்டம். போன்ல பேசி முடிச்சதும் "இன்னிக்கு பேசினதுல இந்த வீடு காலி இல்லன்னு சொன்னீங்க, நான் புரிஞ்சுக்கிட்டது சரி தானா"ன்னு மரியாதையா ரெண்டு வரி ஈமெயிலோ மெசேஜோ போடுங்க. பதில் வந்தா எழுத்துல ஆதாரம், வரலைன்னாலும் நீங்க அன்னிக்கே கேட்டதுக்கு ஆதாரம். போன் காலை ரெக்கார்ட் பண்றதுல மட்டும் ஜாக்கிரதை, நியூ ஜெர்சி, நியூயார்க், டெக்சாஸ்ல பேசறவங்கள்ல ஒருத்தருக்கு தெரிஞ்சா போதும், அந்த ஒருத்தர் நீங்களாவே இருக்கலாம், ஆனா கலிஃபோர்னியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ் மாதிரி மாநிலங்கள்ல அடுத்தவங்க சம்மதம் இல்லாம ரெக்கார்ட் பண்ணா அதுவே குற்றம் ஆகிடும்.

என் நண்பர் எனக்காக போன் பண்ணார்ல, அது யதேச்சையா நடந்துச்சு, ஆனா இந்த ஊர்ல அதுக்கு டெஸ்டிங்னு பேரே இருக்கு. ஒரே சம்பளம், ஒரே மாதிரி குடும்பம், இனம் மட்டும் வேற, ரெண்டு பேரை தனித்தனியா அனுப்பி என்ன பதில் வருதுன்னு பாப்பாங்க. வீடு எடுக்கற எண்ணம் இல்லாம டெஸ்ட் பண்ணப் போனவங்க கூட, தன் கிட்ட பொய் சொன்னாங்கன்னு கேஸ் போடலாம்னு 1982-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. 2019 நவம்பர்ல நியூஸ்டே பத்திரிகை லாங் ஐலண்ட்ல மூணு வருஷம் இப்படி ஜோடி ஜோடியா ஆளுங்களை அனுப்பி, ரியல்ட்டர்கள் நடந்துக்கிட்டதை ரகசியமா வீடியோ எடுத்து வெளியிட்டாங்க. கருப்பர்களுக்கு 49 சதவீதம், ஹிஸ்பானிக் ஆளுங்களுக்கு 39 சதவீதம், ஆசியர்களுக்கு 19 சதவீத டெஸ்ட்கள்ல வித்தியாசமா நடத்தினதுக்கு அடையாளம் இருந்துச்சு. அஞ்சுல ஒண்ணு கிட்டத்தட்ட நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு. அதுக்கப்புறம் தான் நியூயார்க் மாநிலம் அசைஞ்சு, 2021 டிசம்பர்ல ரியல்ட்டர் பயிற்சி, கண்காணிப்பு இதுக்கெல்லாம் புது சட்டங்கள் வந்துச்சு. உங்களுக்கு சந்தேகம் வந்தா நீங்களா துப்பறிய வேண்டாம், பல ஏரியாவுல ஃபேர் ஹவுசிங் கவுன்சில் மாதிரி லாப நோக்கமில்லாத அமைப்புங்க இருக்கு, மத்திய அரசு நிதி வாங்கி இந்த டெஸ்டிங் வேலையை தான் செய்யறாங்க, அவங்களை கூப்பிட்டு சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க, வீடு இன்னும் காலியா இருக்கறப்போ தான் டெஸ்ட் பண்ண முடியும்.

கம்ப்ளைன்ட் குடுக்கறது

நியூ ஜெர்சின்னா டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ் வெப்சைட்ல ஆன்லைனா ஆரம்பிக்கலாம், இல்ல 1-833-653-2748 நம்பருக்கு கூப்பிடலாம். ஹட்டுக்கு 1-800-669-9777. இங்கிலீஷ் சரளமா வரலையேன்னு தயங்காதீங்க, மாநில ஆபீஸ்ல தமிழ்ல மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. வக்கீல் தேவையில்ல, ஃபீஸ் கிடையாது. ஹட்டுக்கு போனாலும், மாநில சட்டம் மத்திய சட்டத்துக்கு சமமா இருக்குன்னு சான்று வாங்கின மாநிலமா இருந்தா, பெரும்பாலும் ஹட்டே அதை மாநில ஆபீஸுக்கு அனுப்பிடும், அதுக்கு மாநிலத்துக்கு மத்திய நிதியும் வருது. அப்படி அனுப்பினா பயந்துடாதீங்க, உங்க கேஸை தட்டிக் கழிக்கல, ஏற்பாடே அப்படி தான்.

முதல்ல ஒரு இன்டேக் பேட்டி எடுப்பாங்க, உங்க நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு தேதி வாரியா சொல்லுங்க, "அவங்களுக்கு இந்தியர்களை பிடிக்காது"ன்னு முடிவை சொல்லாதீங்க, "இந்த தேதி இத்தனை மணிக்கு எனக்கு இல்லன்னு சொன்னாங்க, அரை மணி கழிச்சு இன்னொருத்தருக்கு இருக்குன்னு சொன்னாங்க"ன்னு நடந்ததை சொல்லுங்க. விஷயம் இருக்குன்னா முறையான கம்ப்ளைன்ட்டா எழுதி உங்க கையெழுத்து வாங்குவாங்க, அது எதிர் தரப்புக்கு போகும், அவங்க எழுத்துல பதில் சொல்லணும். நடுவுல மீடியேஷன், அதாவது உக்காந்து பேசி முடிச்சுக்கறது, வேணுமான்னு கேப்பாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா தான், கட்டாயம் இல்ல. பல கேஸ் அங்கயே முடிஞ்சிடும், வீடு குடுக்கறதோ, அப்ளிகேஷன் ஃபீஸும் நஷ்டமும் திருப்பித் தர்றதோ, ஆபீஸ் ஆளுங்களுக்கு பயிற்சி குடுக்கறதோன்னு ஒரு ஒப்பந்தம் வரும். இல்லன்னா விசாரணை நடக்கும், மத்த அப்ளிகேஷன் ஃபைல்களை கேட்டு வாங்கிப் பாப்பாங்க, இது நம்மளால தனியா என்னிக்குமே முடியாத வேலை, இந்த ஒண்ணுக்காகவே அரசாங்க ஆபீஸுக்கு போகணும்னு நான் சொல்லுவேன். மத்திய சட்டத்துல விசாரணைக்கு 100 நாள்னு ஒரு கணக்கு இருக்கு, நடைமுறையில அதை விட இழுக்கும், அதுக்கு மனசை தயார் பண்ணிக்கங்க. கடைசியில தப்பு நடந்திருக்க வாய்ப்பு இருக்குன்னு முடிவு வந்தா சமரசத்துக்கு மறுபடி ஒரு வாய்ப்பு, அதுவும் சரி வரலைன்னா நிர்வாக நீதிபதி முன்னாடி விசாரணை. உங்களுக்கு வர்ற நஷ்ட ஈடு தனி, அது போக நியூ ஜெர்சியில முதல் தடவை மீறினா 10,000 டாலர் வரைக்கும், அஞ்சு வருஷத்துல ரெண்டாவது தடவைன்னா 25,000 வரைக்கும், அதுக்கும் மேல போனா 50,000 வரைக்கும் மாநிலத்துக்கு அபராதம் கட்டணும்.

நாள் கணக்கை மட்டும் தயவு செஞ்சு தனியா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. நியூ ஜெர்சி மாநில ஆபீஸுக்கு 180 நாள். அது போயிடுச்சுன்னா ஹட்டுக்கு 1 வருஷம், நேரா கோர்ட்டுக்கு போறதுக்கு 2 வருஷம். மாசசூசெட்ஸ் 300 நாள். கலிஃபோர்னியா, டெக்சாஸ், இல்லினாய், வாஷிங்டன் நாலும் 1 வருஷம். நியூயார்க் மாநிலத்துல 2024 பிப்ரவரி 15-க்கு அப்புறம் நடந்ததுக்கு 3 வருஷம்.

"விசாவுல பிரச்சனை வருமா?"

யார் கிட்ட இதை சொன்னாலும் முதல்ல கேக்கறது இது தான், நானும் அன்னிக்கு உள்ளுக்குள்ள பயந்தது இதுக்கு தான். ஃபேர் ஹவுசிங் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்னு எங்கயும் இல்ல, எச் ஒன் பி வேலை விசா, எஃப் ஒன் மாணவர் விசா, டிபென்டன்ட், யாரா இருந்தாலும் கம்ப்ளைன்ட் குடுக்கலாம், இது குடியுரிமை ஆபீஸுக்கு சம்பந்தமில்லாத சிவில் விஷயம். கம்ப்ளைன்ட் குடுத்ததுக்காக வாடகையை ஏத்தறது, லீஸ் புதுப்பிக்க மாட்டேங்கறது, மிரட்டறது, இதெல்லாம் தனி மீறலா சட்டம் பாக்குது, முதல் கம்ப்ளைன்ட் நிக்கலைன்னாலும் பழி வாங்கினது நிக்கலாம். கலிஃபோர்னியாவுல வாடகைக்கு வர்றவங்க கிட்ட இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் என்னன்னு ஓனர் விசாரிக்கவே கூடாது, அது போக அதிகாரிங்க கிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டக்கூடாதுன்னு 2017-ல தனி சட்டமே போட்டாங்க. மத்த இடங்கள்ல வருமானத்தையும் அடையாளத்தையும் சரிபாக்க பேப்பர் கேக்கலாம், எல்லார் கிட்டயும் கேக்கணும், உங்க நிறத்தைப் பாத்து உங்க கிட்ட மட்டும் பாஸ்போர்ட் விசா எல்லாம் கேட்டா அதை நோட்ல எழுதுங்க.

சட்டம் எட்டாத இடமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மத்திய சட்டத்துல ஓனரே குடியிருக்கற நாலு வீடு வரைக்கும் உள்ள சின்ன கட்டடத்துக்கு விலக்கு உண்டு, நியூ ஜெர்சியில அது இன்னும் சின்னது, ஓனர் ஒரு பாதியில குடியிருக்கற ரெண்டு வீட்டு கட்டடம், இல்ல தன் வீட்டுக்குள்ள ஒரு ரூமை விடறது. ஆனா 1866-லயே வந்த ஒரு பழைய சிவில் உரிமை சட்டத்துல இந்த விலக்கு எதுவும் கிடையாது, இனத்தை வச்சு மறுத்தா சின்ன வீடா இருந்தாலும் கோர்ட்டுக்கு போகலாம், அதுக்கு மட்டும் ஒரு வக்கீலைப் பாக்கணும்.

நாம வீட்டு ஓனர் ஆகறப்போ

இதை எழுதாம விட்டா பாதி தான் எழுதினதா ஆகும். பத்து வருஷத்துல நம்மள்ல பலர் இங்க ஒரு டவுன்ஹவுஸ் வாங்கி வாடகைக்கு விடறோம், விட்டதும் வாட்ஸாப் குரூப்ல "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்", "சுத்த வெஜிடேரியன் பிராமின் குடும்பம் விரும்பத்தக்கது"ன்னு போடறோம். விளம்பரத்துல இனம், மதம், நாடு, குழந்தை இதை வச்சு விருப்பம் சொல்றது மத்திய சட்டப்படி தப்பு, நான் மேல சொன்ன சின்ன கட்டட விலக்கு கூட விளம்பரத்துக்கு செல்லாது. வெஜிடேரியன்ங்கறது சட்டத்துல பேர் சொல்லி இல்ல, ஆனா அந்த வார்த்தையால யாரை வெளிய நிறுத்தறோம்னு நமக்கு நல்லாவே தெரியும். ஒரே வீட்டுக்குள்ள சமையல்கட்டும் பாத்ரூமும் பகிர்ந்துக்க ரூம்மேட் தேடறது வேற கதை, அங்க பெண்களுக்கு மட்டும்னு போடலாம், ரூம்மேட்டை தேர்ந்தெடுக்கறதுல மத்திய சட்டம் தலையிடாதுன்னு மேற்கு மாநிலங்களுக்கான அப்பீல் கோர்ட் 2012-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. முழு வீட்டை வாடகைக்கு விடறவங்களுக்கு அந்த சலுகை இல்ல.

ஜாதி விஷயத்துல உள்ளூர் அரசாங்கம் தான் முதல்ல முன்னால போச்சு. 2023 பிப்ரவரி 21-ம் தேதி சியாட்டில் நகர சபை ஜாதிப் பாகுபாட்டை தடை பண்ணுச்சு, அமெரிக்காவுல முதல் ஊர், வேலைக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கும் சேத்து. அதே வருஷம் கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோவும் பண்ணுச்சு. கலிஃபோர்னியா மாநிலம் முழுக்க கொண்டு வர சட்டசபை நிறைவேத்தின மசோதாவை மட்டும் 2023 அக்டோபர்ல கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணிட்டாரு, இருக்கற சட்டமே இதுக்கு போதும்னு காரணம் சொன்னாரு. ஊர்ல கேட்ட "நீங்க என்ன ஆளுங்க" கடல் தாண்டி வந்து ஒரு பையனை வாடகை வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தா, அவன் புகார் குடுக்க இந்த ரெண்டு ஊர்லயாவது சட்டத்துல அந்த வார்த்தையே இருக்கு, மத்த இடத்துல வம்சாவளி, மதம், இனம்ங்கற வார்த்தைக்குள்ள அதை கொண்டு வந்து வாதாடணும். நீங்க வீடு விடறவரா இருந்தா விளம்பரத்துல வீட்டைப் பத்தி மட்டும் எழுதுங்க, எத்தனை பெட்ரூம், எவ்வளவு வாடகை, எப்போ காலியாகும், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம். யாரு வேணும்னு எழுதாதீங்க.

கடைசியா ஒரு சின்ன வேலை. இந்த வாரம் எந்த லீசிங் ஆபீஸுக்கு வீடு பாக்கப் போனாலும் சுவத்துல ஃபேர் ஹவுசிங் போஸ்டர் ஒண்ணு மாட்டியிருக்கணும், அதுல ஹட் நம்பர் இருக்கும், நியூ ஜெர்சியில மாநிலத்தோட போஸ்டரும் தனியா இருக்கணும். அதை போன்ல ஒரு போட்டோ எடுத்து வீடு தேடற நோட்லயே சேத்து வைங்க. மாட்டலைன்னா, மாட்டலைங்கறதையும் தேதி போட்டு எழுதி வைங்க.